ஏழாம் கட்டையில் ஏறிய நெல்

காவாந்தண்டலம் சேரியில் பூட்டும் சாவியும் உள்ள சொத்து ஒன்றே ஒன்றுதான்: சபையின் ஆர்மோனியப் பெட்டி. அதன் சாவி அருள்தாஸின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. அவருக்குக் கழனி கிடையாது, மாடு கிடையாது, வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. திருட வருகிறவன் இரக்கப்பட்டு எதையாவது வைத்துவிட்டுப் போனால்தான் உண்டு. ஆனாலும் சாவி இருந்தது. குனிந்து நாற்றுமுடியைத் தூக்கும்போதெல்லாம் அது இடுப்பில் சில்லென்று தொடும். நாலு ஆளோடு ஐந்தாவது ஆள் இல்லை நீ என்று அது ஒவ்வொரு முறையும் சொல்வதுபோல இருக்கும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் கார்த்திகை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாவிக்கு ஆபத்து வந்தது.

மாதம் ஒருமுறை உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறி வந்து ஆராதனை நடத்தும் பாஸ்டர் சாமுவேல், அன்று கூடவே ஒருவரை அழைத்து வந்திருந்தார். பெயர் துரைராஜ் வாத்தியார். பட்டணத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் நோட்டுப் பார்த்து வாசிக்கக் கற்றவர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில், சுருதி பார்க்க, இரண்டு கால் உள்ள ஓர் இரும்புக் கவை வைத்திருந்தார். அதை முழங்காலில் தட்டிக் காதோரம் பிடித்தால் ‘ங்’ என்று மெல்லிசாக ஒலிக்கும். சபை பாடப் பாட, அவர் தட்டிக்கொண்டே இருந்தார். மூன்றாவது தட்டில் அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்த முகமாகிவிட்டது.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரை ஓரமாக அழைத்தார். ஓரம் என்று அவர் நினைத்த இடத்தில் அருள்தாஸும் நின்றிருந்தார்.

“ஐயா, இவங்க பாடறது தப்பு. ஒருத்தர் ரெண்டு பேர் இல்லே, மொத்த சபையும் தப்பு. நாலாவது சுரம் வர எடமெல்லாம் அரைப்படி மேலே ஏறிப்போவுது.”

பாஸ்டர் மிகுந்த கவலையுடன் தலையாட்டினார். அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. அவர் காதுக்கு எல்லாச் சுரமும் ஒன்றுதான். இருபது வருஷமாகப் பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பாட்டு நன்றாக இருந்ததா இல்லையா என்று அவர் தெரிந்துகொண்டிருந்தார். வாத்தியார் முகமோ வேப்பெண்ணெய். எனவே பாட்டு மோசம்.

“அருள்தாஸ்,” என்றார் கனிவாக, “தை மாசம் அறுப்பின் பண்டிகை வருது. வாத்தியார் பதினஞ்சு பேரைப் பாடக் கூட்டிக்கினு வரப்போறார். அதுக்குள்ளே பாட்டை நேர் பண்ணிடு. அன்னிக்கும் கோணலாயிருந்தா, பெட்டிச் சாவியை வாத்தியார்கிட்டே குடுத்துடணும். இன்னா?”

அருள்தாஸின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. “சரிங்கய்யா,” என்றார்.

வீட்டில் சேதி கேட்ட அவர் மனைவி பவளம் முறத்தை டொம்மென்று கீழே வைத்தாள்.

“கூலியிலே அரைப்படி கொறைஞ்சா எவனும் பஸ்சு ஏறி வரமாட்டான். பாட்டுலே அரைப்படி கூடினா மட்டும் வந்துடறானுங்களா?”

பாட்டு எப்படிக் கோணியது என்று சொல்லிவிட வேண்டும். அதில் பவளத்துக்கும் பங்கு உண்டு.

ஒன்பது வருஷம் முந்தி, இவர்களுக்குக் கலியாணமான புதிதில், பட்டணத்துச் சபை ஒன்று தன் பழைய ஆர்மோனியத்தை இந்தச் சபைக்குத் தானமாகக் கொடுத்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் மெத்தை போட்டு அது வந்து இறங்கியது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று யாரும் பார்க்கவில்லை. அருள்தாஸ் மட்டும் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது கையால் துருத்தியை அமுக்கி, வலது கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வெள்ளைக் கட்டை தொட்டால் பேசியது. கறுப்புக் கட்டை தொட்டால் பேசவில்லை. ஒன்றுகூட.

அவருக்கு இதில் வியப்பே இல்லை. வெள்ளை அகலமாக, சமமாக, வரிசையாகக் கிடந்தது. கறுப்பு நடுநடுவே ஒல்லியாக, கொஞ்சம் மேடாக நின்றது. பார்த்தவுடன் தெரிகிறதே: வெள்ளை கழனி, கறுப்பு வரப்பு. வரப்பில் எவனாவது நாற்று நடுவானா? ஒன்பது வருஷமாக அவர் விரல் கழனி விட்டுக் கழனி போகையில் வரப்பை மிதித்ததே இல்லை. மிதித்தால் பண்ணையார் ஆள் பார்த்துவிடுவான் என்ற பயம் விரலுக்கும் இருந்திருக்கலாம்.

முதலில் ஒன்றாம் கட்டையிலிருந்து பாட்டை எடுத்துப் பார்த்தார். ஆண்கள் முனகினார்கள், பெண்கள் குரல் தரையில் உரசியது. இரண்டு, மூன்று என்று நகர்ந்து நாலாம் கட்டைக்கு வந்தார். கதவோரம் நின்ற பவளம், நடவில் முன்பாட்டுப் பாடுகிறவள், அங்கே வாயைத் திறந்தாள். குரல் போய் உட்கார்ந்துகொண்டது, கொக்கு கொம்பில் உட்காருகிற மாதிரி, கொம்பு அசையாமல். அதைக் கேட்ட பிறகு புது மாப்பிள்ளை எவனாவது ஐந்தாம் கட்டையைத் தேடுவானா? அன்றிலிருந்து சபையின் எல்லாப் பாட்டுக்கும் நாலாம் கட்டையே வீடு.

வந்த வினை அதுதான். வீடு நாலாம் கட்டை என்றால், அங்கிருந்து மேலே போகையில் நாலாவது சுரம், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் உள்ள ஆறரைக் கட்டையில் விழ வேண்டும். ஆறரை கறுப்பு. கறுப்பு வரப்பு. அருள்தாஸ் அதைத் தாண்டி ஏழாம் கட்டையில், அடுத்த கழனியில் விரலை வைத்தார். சபை அவர் பின்னாலேயே ஏறி வந்தது. குழந்தைகள் அதைக் கேட்டே பேசக் கற்றன. இந்த ஒன்பது வருஷத்தில் இருநூறு பேர் அந்த ஒரு சுரத்தில் சற்றே உயரமாக வாழ்ந்துவிட்டார்கள்.

இதை அறிந்தவர் ஊரில் ஒருவர் உண்டு. வேதகிரி முதலியார், பட்டு நெசவு. ஊருக்குள் பஜனைக் கோஷ்டி நடத்துகிறவர். சேரிக்கும் முதலியார் தெருவுக்கும் நடுவே ஒரு மதகு. ஞாயிறு காலையில் வேப்பங்குச்சியும் வாயுமாக மதகில் வந்து உட்காருவார். ஆராதனை முடிகிற வரை பல் துலக்குவார். ஒரு குச்சி இரண்டு மணி நேரம் தாங்குமா என்று யாரும் கேட்டதில்லை. மதகைத் தாண்டி அந்தப் பக்கம் அவரும் போனதில்லை, இந்தப் பக்கம் அருள்தாஸையும் அவர்கள் தெருவில் விட்டதில்லை. பாட்டு மட்டும் யாரிடமும் உத்தரவு கேட்காமல் போய்வந்து கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு அருள்தாஸ் மதகடியில் வந்து நின்றார்.

“மொதலியாரே, நாங்க தப்பாப் பாடறோமாம். நாலாவது சுரம் ஏறிப் போவுதாம். நெசமா?”

வேதகிரி குச்சியை வாயிலிருந்து எடுத்தார். “ஏறித்தான் போவுது. தப்புன்னு எவன் சொன்னான்?”

“வாத்தியாரு.”

“அந்த ஆளு காதுலே இரும்பைச் சொருவிக்கினு கேட்டா அப்படித்தான் இருக்கும். யோவ், அது கல்யாணிய்யா! நீங்க எல்லாப் பாட்டையும் கல்யாணியிலே பாடிக்கினு கீறீங்க. அதுக்கோசரம்தான் ஒம்போது வருசமா நான் இங்க வந்து குந்திக்கினு கீறேன். பல்லு வெளக்கவா வரேன்? எனக்குப் பல்லே ஏளுதான் கீது.”

ஆர்மோனியம் மதகுக்கு வந்தது. பவளம் தலையில் வைத்துச் சுமந்து வந்தாள். இரண்டு தெருவுக்கும் சேராத அந்தக் கல்லில் வைத்து வேதகிரி அதைத் திறந்தார். உள்ளே பார்த்தவர் விசில் அடித்தார். கறுப்புக் கட்டைகளுக்கு அடியில் இருக்க வேண்டிய பித்தளை நாக்குகளை ஒன்றுவிடாமல் கழற்றிக்கொண்டு, துளைகளில் மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். கொடுப்பதற்கு முன்னால் பல்லைப் பிடுங்கிவிட்டே மாட்டைக் கொடுத்திருக்கிறார்கள்.

“இது சத்தம் போடற கட்டையா?” என்றார் அருள்தாஸ், கறுப்பைத் தொட்டுக்கொண்டு. “நான் வரப்புன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்.”

வேதகிரி சிரித்த சிரிப்பில் குச்சி வாய்க்காலில் விழுந்து மிதந்துபோயிற்று.

சிரித்து முடித்துப் பஜனை மடத்துப் பழைய பெட்டியிலிருந்து ஒரு நாக்கைக் கொண்டுவந்து, அறுந்த இழையை முடிகிற விரல்களால், ஆறரைக் கட்டைக்கு மட்டும் பொருத்தினார். பிறகு வாசித்துக் காட்டினார். “இதோ, வெள்ளை மட்டும். ஒண்ணாங் கட்டையிலே ஆரமிச்சா சங்கராபரணம். அதே வெள்ளை, நாலாங் கட்டையிலே ஆரமி: கல்யாணி. கட்டை மாறலே, குந்தற எடம் மாறிச்சு. அவ்ளோதான்.”

அருள்தாஸ் கட்டைகளின் மேல் விரலை ஓட்டினார். “கய்னி அதேதான். மடையை வேற பக்கம் தொறந்தா தண்ணி வேற மாரி பாயுது.”

“அத்த நான் சொல்ல இருவது வருசம் ஆச்சு, நீ சட்டுனு சொல்ற,” என்றார் வேதகிரி கொஞ்சம் கோபமாக.

பிறகு மார்கழி. கேழ்வரகுக் கொல்லைக்குக் கமலை இறைக்கிற வேலை அருள்தாஸுக்கு. விடிந்தும் விடியாத பனியில் மாடுகள் சரிவில் இறங்கும், கயிறு முறுக்கேறும், கிணற்று மேல் உருளை ‘ஈ...’ என்று ஒரே சுரத்தில் நீளமாக அழும். அது நாலாம் கட்டைக்கு வெகு பக்கத்தில் நின்றது. அருள்தாஸ் அதையே சுருதியாக வைத்துக்கொண்டார். முதல் சால் தண்ணீர் ஏறும்போது ‘சா’ மட்டும், மூச்சு முடிகிறவரை. இரண்டாவது சாலில் ‘சா’வும் ‘பா’வும். மூன்றாவதில், அந்த நாலாவது சுரத்துக்கு மெதுவாகப் போவார்.

ஆறரையைத் தொட்டால், பாட்டுக்கு உடனே வீட்டு ஞாபகம் வந்துவிடும். ஒரு படி இறங்கு, இன்னொரு படி இறங்கு, வந்துவிட்டோம், செருப்பைக் கழற்று. நல்ல சுரம், குடும்பஸ்தன். ஏழாம் கட்டையைத் தொட்டால் அப்படியில்லை. அது மேலே இருக்கிற ‘பா’வைப் பார்த்துக்கொண்டே நிற்கும், ஆனால் போய்ச் சேர அவசரப்படாது. இறங்கவும் மனசில்லை. சால் நிறைந்து கிணற்று வாயில் தொங்குகிற அந்த ஒரு கணம், தண்ணீர் இன்னும் கொட்டவில்லை, மாடு இன்னும் திரும்பவில்லை, எடை இருக்கிறது ஆனால் எதையும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை, அந்த மாதிரி. ஏரிக்கரைப் பனைகள் பனியில் அடிமரம் இல்லாமல் மிதந்தன. நாரைகள் பறக்கின்றனவா நிற்கின்றனவா என்று தெரியவில்லை. அந்தச் சுரத்தில் நிற்கும்போது கொல்லையே கயிறு அவிழ்ந்து கொஞ்சம் மேலே எழும்பியதாக அவருக்குத் தோன்றும். பிறகு சால் கொட்டும். மாடு திரும்பும். கொல்லை வந்து தன் இடத்தில் உட்காரும். கேழ்வரகுக்கு மட்டும் எப்போதும் தண்ணீர் சற்று அதிகமாகவே பாய்ந்தது.

மத்தியானம் சபைக்குள் பவளத்தை உட்காரவைத்து ஆறரையில் பாடச் சொல்லுவார். பண்டிகைக்குரிய அறுப்புப் பாட்டில் ‘தந்தீரே, நெல் தந்தீரே’ என்று ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். ‘நெல்’ சரியாக அந்த நாலாவது சுரத்தில் நிற்கும்.

“அங்க போனா கெணத்துப் படியிலே எறங்கறாப்பல கீதுய்யா,” என்பாள் அவள். “நெல்லு மேலே இல்ல இருக்கணும், கதிர்லே? இன்னாத்துக்கு அந்த வாத்தி அத்தக் கீழே போடச் சொல்றான்?”

“சாவி போயிடும் பவளம்.”

அந்தச் சாவி இடுப்பில் இல்லாத அருள்தாஸ் எப்படி இருப்பார் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. “சரி. நீ எங்க விரல வெக்கிறியோ அங்க வரேன். ஆனா நீ வெச்சு, நான் கேட்டு, அதுக்கப்புறம்தான் வாயத் தொறப்பேன். முன்னாடியே தொறந்தா அது பளைய எடத்துக்கே ஓடிடும்.”

இது அருள்தாஸுக்கு நல்ல யோசனையாகப் பட்டது. சபை முழுவதற்கும் அதையே சொல்லிவிட்டார்: நெல் வரும்போது யாரும் முந்தாதீங்க, பெட்டியைக் கேட்டுட்டுப் பாடுங்க. இருநூறு பேரும் தலையாட்டினார்கள். அருள்தாஸ் சொன்னால் கேட்கிறவர்கள்தாம் அவர்கள். அதுதான் பேஜாராகப் போயிற்று.

பண்டிகை வந்தது. சபையின் முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல். பூசணி, கரும்பு, கால் கட்டிய சேவல்கள், நடுவே நெற்கட்டு. அடுத்தவர் கழனியில் அறுத்த கூலிநெல்தான் என்றாலும் நெல் நெல்தானே, மினுமினுத்தது. பாஸ்டர் நாற்காலியில். வாத்தியார் தம் பதினைந்து பேரோடு வலப்பக்கம், கையில் கவை. மதகில் வேதகிரி, பகல் பதினொரு மணிக்கு வேப்பங்குச்சியோடு.

அருள்தாஸ் பெட்டியைத் திறந்தார். முதல் சரணம். ‘தந்தீரே’ என்றது சபை, கூரை அதிர. அவர் விரல் ஆறரையில் இறங்கியது. சொன்ன சொல் மாறாத இருநூறு பேரும் வாயை மூடிக்கொண்டு பெட்டியைக் கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் நெல் போய்விட்டது. ‘தந்தீரே’ என்று அடுத்த சொல்லில் வந்து சேர்ந்துகொண்டார்கள். வாத்தியாரின் பதினைந்து பேர் மட்டும் அந்தப் பள்ளத்தில் தனியாக ‘நெல்’ என்றார்கள். சுற்றிலும் திடீரென்று இருநூறு வாய் மூடினால் யாருக்கும் குரல் நடுங்கும். இரண்டாம் தடவை அவர்களும் முணுமுணுத்தார்கள். மூன்றாம் தடவை அந்த இடத்தில் ஒரு சேவல் மட்டும் கூவியது.

தந்தீரே. ஒன்றுமில்லை. தந்தீரே. ஒன்றுமில்லை.

பாஸ்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அருள்தாஸ் தலை நிமிரவில்லை, ஆனால் பார்த்தார். முன்வரிசையில் பவளம் உதட்டை இறுக்கி, அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு எழும்பி நின்றது. குரல் கிணற்று வாயில் வந்து தொங்கிக்கொண்டு, கொட்ட இடமில்லாமல் இருந்தது. இடுப்பில் சாவி சில்லிட்டது. போனால் போகிறது என்று நினைத்தாரா, எதையுமே நினைக்கவில்லையா, அவருக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் சரணத்தில் விரல் வரப்பைத் தாண்டி ஏழாம் கட்டைக்குப் போயிற்று.

கேட்டுவிட்டுப் பாடுவதற்கு இப்போது ஒன்றுமில்லை, தெரிந்த இடம். ‘நெல்’ எழும்பியது. பவளம் முதலில், அவள் பின்னால் ஒன்பது வருஷமும். பந்தல் கீற்றுகள் காற்றில் சலசலத்தன. நெற்கட்டு, பூசணி, பாஸ்டர் எல்லாம் கொஞ்சம் தரைவிட்டு நின்றதாக அருள்தாஸுக்குத் தெரிந்தது. மூன்றாம் சரணத்தில் பதினைந்து பேரும் ஏறிக்கொண்டார்கள். இருநூறு பேர் ஏறுகிற பஸ்ஸில் இறங்கி நடக்க யாருக்குத் தெம்பு? நாலாம் சரணத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் அந்த ஏழாம் கட்டையில் சுகமாக நின்றுகொண்டிருந்தார். அவர் துரைராஜ் வாத்தியார். கவை சட்டைப் பைக்குள் போயிருந்தது.

பாட்டு முடிந்தது. அருள்தாஸ் துருத்தியைக் கட்டினார். பெட்டியை மூடி, கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு ஒன்பது வருஷத்து முடிச்சு, வரவில்லை.

பாஸ்டர் எழுந்து வந்தார். வழக்கம்போல முதலில் எல்லோர் முகத்தையும் பார்த்தார். வாத்தியார் முகத்தையும் பார்த்தார். இன்றைக்கு வேப்பெண்ணெய் இல்லை, நெய்.

“அருள்தாஸ், மொதல் சரணம் இன்னா ஆச்சு? அறுப்பின் பண்டிகையிலே நெல்லையே முழுங்கிட்டீங்களே! அதைத்தான் தப்பு தப்புன்னு வாத்தியார் சொன்னார் போலிருக்கு. ரெண்டாவதிலேர்ந்து நேராயிட்டுது. ரொம்ப நேர். வாத்தியாரே, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு.”

வாத்தியார் வாயைத் திறந்தார். இல்லை ஐயா, நேரானது முதலாவது, கோணல் மற்றது என்று சொல்லலாம். சொன்னால், அந்தக் கோணலில் கண்மூடி நின்றது யார் என்ற கேள்வி வரும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இதுக்கு வெள்ளைக்காரங்க லிடியன்னு பேர் வெச்சிருக்காங்க ஐயா. ரொம்பப் பழைய மொறை. நாலாவது சுரம் ஏறி நிக்கும். எல்லா சபையிலேயும் வராது.”

“இந்த சபைக்கு அதை வரவெச்சீங்களே, அதைச் சொல்லுங்க!” என்று பாஸ்டர் அவர் தோளைத் தட்டினார். வாத்தியார் மறுக்கவில்லை. “சாவி உன்கிட்டேயே இருக்கட்டும் அருள்தாஸ். வாத்தியார் சொல்லிக்குடுத்ததை மறந்துடாதே.”

“மறக்க மாட்டேங்கய்யா.”

பவளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் ஓடினாள். சிரிப்பு அங்கிருந்து மதகு வரைக்கும் கேட்டது.

சாயங்காலம் அருள்தாஸ் மதகுக்குப் போனார். வேதகிரி காத்திருந்தார்.

“லிடியனாம் மொதலியாரே.”

“யாரு அது?”

“நம்ம பாட்டுதான். வாத்தியாரு ஊட்லே அதுக்கு அந்தப் பேரு.”

வேதகிரி அந்தப் பெயரை ஒரு தரம் மென்று பார்த்துத் துப்பிவிட்டார். “சரி, ஆறரை இனிமே உனக்கு வேண்டியதில்லையே? என் நாக்கைக் களட்டிக் குடுத்துடு. பஜனைப் பெட்டிக்கு ஆவும்.”

அருள்தாஸ் யோசித்தார். வாய்க்காலில் தண்ணீர் இரண்டு தெருவுக்கும் நடுவே போய்க்கொண்டிருந்தது.

“இல்ல மொதலியாரே, இருக்கட்டும். என்னிக்காவது வாத்தியாரு வந்து குந்தினா, அவருக்கும் ஒரு எடம் வேணும் இல்ல?”

இடுப்பில் சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். குறுக்குவழி, வரப்பு மேலேயே.